ஒன்றுபோல் இல்லாத இரண்டு காயில்கள்

திருவரங்குளத்திலோ வடகாடு, கீரமங்கலம் பக்கத்திலோ திருவிழா இரவில் பாட்டுக் கச்சேரி கேட்டவர்களுக்கு ஓர் உறுமல் பழக்கமாகியிருக்கும். பாட்டு இன்னும் ஆரம்பித்திருக்காது. கிடார்க்காரர் ஒயரைச் செருகுவார், ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரையத் தொடங்கும். அவர் பக்கவாட்டில் திரும்பினால் கொஞ்சம் குறையும், நேரே நின்றால் ஏறும். மேடையைச் சுற்றி ஓடும் சீரியல் செட்டிலும் டியூப்லைட்டிலும் ஜெனரேட்டரிலும் இருக்கும் கரண்ட், நொடிக்கு 50 சுற்று என்று துடிக்கிறது. அந்தத் துடிப்பைத்தான் கிடார் பிடித்துப் பாடுகிறது.

கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் எளிமையான பொருள். காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், அதாவது காயில். காந்தப்புலம் அசைந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும். அசைத்தது கிடார்க் கம்பியா டியூப்லைட்டா என்று காயிலுக்குத் தெரியாது.

கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றுக்குக் காந்தத்தின் வடமுனை, மற்றதற்குத் தென்முனை. இரண்டையும் எதிரெதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதால் ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது. கம்பியின் ஒலியைக் காந்தமுனை ஒருமுறை தலைகீழாக்குகிறது, இணைப்பு இன்னொருமுறை தலைகீழாக்குகிறது. இருமுறை திரும்பியது நேராகி, இரண்டும் கூடிவிடுகின்றன. ஹம்பக்கர் என்று இதற்குப் பெயர். காப்புரிமை 1959இல்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒட்டிய சீட்டோடு விற்ற பிக்கப்புகளுக்கு இன்று கிடார்க்காரர்கள் நடுவில் இருக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே காயில் சுற்றிய இரண்டு பாபின்கள். தலைமுடி அளவே இருக்கும் 42 கேஜ் கம்பி, ஒவ்வொன்றிலும் சுமார் 5000 சுற்று. ஒரே பாபினில் அரை கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம் அடங்கிக் கிடக்கிறது. அந்த நாளைய எந்திரங்களுக்குச் சுற்றை எண்ணித் தானாக நிற்கத் தெரியாது. பாபின் நிரம்பியதாகத் தோன்றியதும் வேலை செய்பவர் நிறுத்துவார். ஒன்றில் 5000 என்றால் அடுத்ததில் 5300 ஆகிவிடும். காந்தமும் அப்படித்தான். அல்னிக்கோ என்ற அந்த உலோகக் கலவையில் 2, 3, 4, 5 என்று பல வகை உண்டு. கைக்குக் கிடைத்தது உள்ளே போனது.

ஒழுங்கில்லாத இந்த வேலையிலிருந்துதான் இன்றும் உலகம் தேடும் ஒலி வந்தது. அதற்குக் காரணம் உண்டு. இரண்டு காயில்களும் கம்பியை ஒரே இடத்தில் கேட்பதில்லை. நடுவில் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் இடைவெளி. கம்பியின் நீண்ட அலைகளில் அந்த இரண்டு புள்ளிகளும் சேர்ந்து ஆடும். குறுகிய அலைகளில் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும். காயில்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் இரைச்சலோடு சேர்ந்து அந்த மெல்லிய உச்ச ஒலிகளும் அழிந்துபோகும். 300 சுற்று வித்தியாசம் இருந்தால் அவற்றில் கொஞ்சம் தப்பிப் பிழைக்கிறது. கூடவே அந்த 300 சுற்றின் இரைச்சலும் மிஞ்சும். பாட்டு நடக்கும்போது அது காதில் விழாது. இன்று பிக்கப் தயாரிக்கும் டிமார்ஸியோ நிறுவனம் சில மாடல்களில் இரண்டு பாபின்களுக்கும் வேறு வேறு பருமனில் கம்பி சுற்றுகிறது. சீமோர் டங்கன் நிறுவனம் இரண்டு வேறு மாடல்களிலிருந்து ஒவ்வொரு காயில் எடுத்துச் சேர்த்தும் விற்கிறது. அன்று தற்செயலாக நடந்ததை இன்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள்.

ஒன்றுபோல் இல்லாத இரண்டு சேர்ந்து ஒலிப்பது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதாக இருக்காது. மான்பூண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் லயம் வளர்த்த மண். தவிலைப் பாருங்கள். பலாமரத்தில் குடைந்த ஒரே உடல். ஒரு முகம் வலந்தலை, கூடு மாட்டிய விரல்கள் பேசும். மறுமுகம் தொப்பி, குச்சி பேசும். தோலும் வேறு, சுருதியும் வேறு, அடியும் வேறு. காலப்பிரமாணம் மட்டும் ஒன்று. தொப்பியை வலந்தலை போலவே ஒலிக்கச் செய்துவிட்டால் அந்தத் தவிலை யார் கேட்பார்கள்?

எல்லாவற்றிலும் ஒத்துப்போவதைத்தான் நாம் ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும், ஊரின் இரண்டு தெருக்களும் எதிலும் வேறுபடக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறோம். வெளியிலிருந்து வரும் இரைச்சலை எதிர்க்கும் இடத்தில் இருவரும் ஏறத்தாழச் சமமாக நின்றால் போதும். கம்பியைக் கேட்பது அவரவர் நிற்கும் இடத்திலிருந்துதான். அந்த வித்தியாசத்தையும் அழித்தால் இரைச்சல் முழுதாகப் போகும், பாட்டிலும் ஒரு பங்கு போகும். சின்ன இரைச்சலைக்கூடப் பொறுக்காத குடும்பங்களில் வீடு அமைதியாக இருக்கும், பேச்சு இருக்காது.

காந்தம் சொல்வது இன்னும் நுட்பமானது. காந்தம் வலுவாக இருந்தால் சத்தம் கூடும். ஆனால் அது கம்பியைத் தன் பக்கம் இழுக்கவும் செய்யும். மிக நெருங்கி வைத்தால் கம்பி சுதந்திரமாக ஆட முடியாமல் சுருதி குழம்பும், கார்வை சீக்கிரம் அடங்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினிலும் பிரசன்னா மின்கிடாரிலும் கர்நாடக இசை வாசித்துக் காட்டினார்கள். நம் சங்கீதத்தில் ஒருமுறை மீட்டிய கம்பி ஒரு கமகம் முழுவதையும் தாங்கி நிற்க வேண்டும். அங்கே அதிகம் இழுக்கும் காந்தம் உதவாது. கிடாரின் கழுத்துப் பக்கம் இருக்கும் பிக்கப்புக்கு மேலே கம்பி அகலமாக ஆடுவதால், அதற்கு அல்னிக்கோ 2 போன்ற மென்மையானது பொருந்தும். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்புக்கு மேலே ஆட்டம் குறைவு. அங்கே அல்னிக்கோ 5 அல்லது செராமிக், கூடுதலாகச் சில நூறு சுற்று. ஒரே கிடாரில் இரண்டு இடத்துக்கு இரண்டு நியாயம். பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இதை யோசிக்கலாம். கூர்ந்து கவனிப்பதும் பிடித்து இழுப்பதும் ஒரே காந்தத்தின் வேலை. எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில்தான் நம் பொறுப்பு இருக்கிறது.

ஆலங்குடியிலும் புதுக்கோட்டையிலும் கிடார் வாசிக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒலி பிடிக்கவில்லை என்று கிடாரை விற்க அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பிக்கப்பைக் கம்பியிலிருந்து கொஞ்சம் இறக்கி வைத்துக் கேளுங்கள். போதவில்லை என்றால், வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் காந்தத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.