அப்பா என்ன நினைக்கிறார்?

ஆவடிக்காரர்களுக்கு ராணுவம் தூரத்து விஷயம் இல்லை. 1965-லேயே விஜயந்தா டாங்கி வெளிவந்த ஊர். அதனாலோ என்னவோ, பிள்ளை என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன் என்றதும் வீடே களத்தில் இறங்கிவிடுகிறது. அப்பா விண்ணப்பத்தை நிரப்புகிறார். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக; இரண்டும் ஒத்துப்போகுமா என்று அம்மாவுக்குக் கவலை. நியாயமான கவலைதான்.

எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். அடுத்து வரும் எஸ்.எஸ்.பி. எனும் ஆளுமைத் தேர்வுக்கும் அதே 900. ஐந்து நாள் நடக்கும் அதில் பலர் முதல் நாளே திரும்பிவிடுவார்கள். உளவியல் தேர்வில் ஒரு வெள்ளைத்தாள் தருவார்கள்: உன்னைப் பற்றி உன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள்? ஆசிரியர்கள், நண்பர்கள், நீ? எல்லாம் எழுத 15 நிமிடம்.

‘பொறுப்பானவள் என்று நினைக்கிறார்கள்’ என எழுதக் கோச்சிங்கில் சொல்லித் தருவார்கள். (ஆம், மகளும்தான். 2022-இல் சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் கடக்வாஸ்லா அகாடமியில் பயிற்சி முடித்தார்கள்.) ஆனால் எந்தப் பொறுப்பு என்று மறுநாள் நேர்காணலில் துருவினால்? பாட்டியைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவளுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். டியூஷனுக்குக்கூட அப்பா பைக்கிலேயே போய் வந்தவள் என்ன சொல்வாள்?

விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். ஓ.டி.பி.யும் அவள் போனுக்கே வரட்டும். இனிஷியலை மட்டும் அம்மா ஒருமுறை பார்த்துவிடலாம்.