விசாரிக்காமல் பழி சுமத்தலாமா?

ஒருநாள் அஸர் தொழுகைக்குப்பின் கொரட்டூர் ஏரிக்கரையில் சிலருடன் பேசிக்கொண்டிருந்தோம். "கரையோரம் குடியிருக்கும் ஏழைகளே ஏரியைப் பாழாக்கினார்கள்" என்றார் ஒரு பெரியவர். "தாங்கள் விசாரித்தீர்களா?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. அப்போது நமக்குப் பிச்சாவரம் நினைவுக்கு வந்தது.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில், உப்பங்கழியில் அலையாத்திக் காடு இருக்கிறது. அலையின் வேகத்தைத் தணித்து, மண்ணைப் பிடித்து நிறுத்தி, மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் இடமளிக்க வல்ல நாயன் அமைத்த அரண் அது. அதில் பல இடங்கள் பட்டுப்போயின. "சுற்றுப்புற மக்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதுதான் காரணம்" என்றே நெடுங்காலம் பேசப்பட்டது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையின் பழைய ஏடுகளைப் பார்த்தனர். கிராமத்தாருடன் அமர்ந்து அவர்கள் சொல்வதையும் கேட்டனர். உண்மை வேறாக இருந்தது. வெள்ளையர் காலந்தொட்டுக் காட்டைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டிய முறையே முதற் காரணம். மரம் போன இடத்தில் வெயில்பட்டுச் சேறு காய்ந்தது; தரை பள்ளமாகத் தாழ்ந்தது; புகுந்த கடல்நீர் வடியாமல் தேங்கி உப்பு முற்றியது. அங்கே விதை எப்படி முளைக்கும்?

மாட்டை விரட்டினால் தேங்கிய நீர் வடிந்துவிடுமா? பழி தவறினால் பரிகாரமும் தவறும். காரணம் தெரிந்தபின், நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதம் ஏறி இறங்கியது, உப்பு தணிந்தது, நட்ட கண்டல் கன்றுகள் தழைத்தன. முத்துப்பேட்டையிலும் இம்முறை கையாளப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பிச்சாவரக் காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாகவே இருந்தது.

"ஏழைகள் வெட்டவே இல்லையா?" எனக் கேட்கலாம். வெட்டியவரும் உண்டு. ஆனால் சிலர் ஒடித்த விறகுக்காகக் காடு அழிந்த முழுப் பழியையும் ஊரார்மீது ஏற்றுவது நீதியாகுமா? வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தும் நிலையைப்பற்றி ஸூரத்துல் ஹுஜுராத் நம்மை எச்சரிக்கிறது. பேரீச்ச மரத்தில் மகரந்தம் சேர்க்கும் விஷயத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தொழில் தெரிந்த மதீனாவாசிகளின் அறிவுக்கே விட்டுவிட்டார்கள். அப்படியிருக்க, சேற்றில் இறங்கிப் பிழைப்பவனைக் கேளாமல் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று அப்பெரியவரைக் கேட்ட நாமும் ஏரிக்கரை மக்களிடம் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துப் போராடி வருபவர்களோ இதே கொரட்டூர் மக்கள்தாம்.

நாவைக் காத்து, விசாரித்து அறிந்து, பிறகு மண்வெட்டியைக் கையிலெடுக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.