எந்த மரக்காலால் அளப்போம்?



நெல்லை அளக்க நம்மிடம் மரக்கால் உண்டு. தலைதட்டி அளக்கிறவரும் உண்டு, குவித்து அளக்கிறவரும் உண்டு. எப்படி அளந்தாலும் நெல் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. ஒரு மனிதன் பட்ட பாட்டை அளக்க வேண்டி வந்தால் என்ன செய்வது?

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டு, ரண சிகிச்சையும் கதிர் சிகிச்சையும் முடிந்து வீடு திரும்பியவர்களை நம் தஞ்சைச் சீமையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாக்கில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டவருக்குப் பேச்சு குழறும். கதிர் பட்ட தாடை இறுகி வாய் சரியாகத் திறவாது. உமிழ்நீர் வற்றிப்போவதால் உதிரிச் சோறு இறங்காது. கரைத்த கஞ்சிதான் கதி. ஊரெல்லாம் நெல் விளைகிற இடத்தில் சோறு இறங்காதவருடைய துக்கம் தனித் துக்கம்.

(இடையில் ஒரு வார்த்தை. பந்தி முடிந்ததும் நாம் நீட்டுகிற வெற்றிலை பாக்கு, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூல் திட்டமாய்ச் சொல்லுகிறது. கும்பகோணம் வெற்றிலையின் கீர்த்தி பெரிதுதான். அதோடு மெல்லுகிற பாக்கைப் பற்றி யோசியுங்கள்.)

சர்க்கார் அளக்கிற விதம் ஒன்று. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுகிறது. குரல்வளையை எடுத்துவிட்டதால் பேச்சிழந்தவரும் அதில் அடங்குவார். வைத்தியர்கள் சோதித்து, குறைபாடு நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதித் தருகிறார்கள். முக்கியமான பல சலுகைகளுக்கு அது 40-க்குக் குறையக் கூடாது. இதை நான் குறைகூறவில்லை. எண் இல்லாமல் சர்க்கார் காரியம் நடவாது. உரியவர்கள் வெட்கப்படாமல் சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆனாலும் அது தலைதட்டி அளக்கிற மரக்கால்.

வைத்திய உலகத்தில் வேறோர் அளவுகோலும் இருக்கிறது. 1990-ல் அமெரிக்காவில் மார்சி லிஸ்ட் என்னும் அம்மையாரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்டது. அது கேட்பது மூன்றே சங்கதி: என்ன சாப்பிட முடிகிறது, பேச்சு எவ்வளவு விளங்குகிறது, பிறர் நடுவே உட்கார்ந்து சாப்பிடுகிறாரா. மூன்றாவதைக் கவனியுங்கள். எங்கும், எவரோடும், எதையும் உண்பவருக்கு 100. எங்கும் போவார், ஆனால் பிறர் எதிரில் சிலவற்றைத் தொடமாட்டார் என்றால் 75. தெரிந்த சிலரோடு, சில இடங்களில் மாத்திரம் என்றால் 50. வீட்டில், வேண்டியவர் முன்னால் மாத்திரம் என்றால் 25. எப்போதும் தனியே உண்பவருக்குப் பூஜ்யம்.

இந்த மதிப்பெண் யாருடையது? நோயாளியின் பெயரில் எழுதப்படுகிறது, வாஸ்தவம். ஆனால் திருவிழா விருந்தில் அவர் கடைவாயில் கஞ்சி வழிவதைக் கண்டு இலையை நகர்த்திப் போட்டுக்கொண்டவர் நாம். அவர் குடித்த தம்ளரைத் தனியே எடுத்து வைத்தவர் நாம். எச்சிலால் ஒட்டுகிற வியாதி அன்று இது. 75-ல் இருந்தவர் 25-க்கு இறங்கினால், அந்த ஐம்பதில் நம் பங்கு எவ்வளவு?

“அவரே வரமாட்டேன் என்கிறார்” என்பீர்கள். சில சமயம் அது மெய். கையைப் பிடித்து இழுத்து வந்து சபை நடுவே உட்கார்த்துவதும் ஒரு கொடுமையே. அவர் தனிமையை விரும்பினால் விட்டுவிடுங்கள்; ஆனால் கேட்காமலே ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று இதைவிடக் கசப்பானது. “இப்படி உயிரோடிருந்து என்ன பிரயோசனம்?” என்று அவர் காதுபடவே சொல்லுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அவருக்குப் பேச்சுத்தான் குழறும், காது நன்றாய்க் கேட்கும். மதிப்பெண் குறைந்தது என்றால் அவருக்கு உதவி இன்னும் தேவை என்றுதான் அர்த்தம். பிழைத்திருக்கலாமா வேண்டாமா என்பதற்கு அது தீர்ப்பு அன்று. அந்தத் தீர்ப்பு எழுத எந்த வைத்தியரும் அந்த அளவுகோலைச் செய்யவில்லை.

கடைசியாக, கோவில் சம்பந்தமான ஒரு சங்கதி. அப்பத்தை விழுங்க முடியாது என்று எண்ணி, பூசைக்கு வந்தும் திவ்விய நற்கருணை வாங்காமல் பின்வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. அவசியமானால் திராட்சை இரசத்தின் குணத்தில் மாத்திரம் நற்கருணை கொடுக்கலாம் என்று 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின் 925-ம் பிரிவு அனுமதிக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இரண்டு நாள் முன்னதாகப் பங்குச் சுவாமியாரிடம் சொல்லிவையுங்கள்.