எடை

மனு எழுதித் தரச் சொல்லி வந்தவள் என் பழைய மாணவி. அவளுடைய ஆறு வயது மகனுக்குக் காஷர் நோய். உடலில் ஒரு நொதி குறைவதால், சிதைய வேண்டிய கொழுப்புப் பொருள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்புக்குள்ளும் தங்கிவிடுகிற பரம்பரை நோய். வயிறு உப்பும், ரத்தம் குறையும், எலும்பு வலிக்கும். இல்லாத நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டும். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்திருந்தது.

அன்றிரவே எழுதிவிட்டேன். நான்கு பக்கம். கவிதை எழுதுகிறவளின் கையில் ஒரு தாயின் துயரம் கிடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது. அவள் நிதானமாகப் படித்தாள். "நல்லா இருக்கும்மா. ஆனா இதுல என் அழுகைதான் இருக்கு. அவன் மருந்து எங்க இருக்கு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உரிமையைக் கேட்கப்போகிற பெண் எதற்காகத் தன் துயரத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டும்? அப்படி வைத்தால்தான் கிடைக்கும் என்றால், வைக்காமல் இருக்கச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா?

அவள் ஏற்கெனவே சில அலுவலகங்கள் ஏறி இறங்கியிருந்தாள். ஓரிடத்தில் உதவியாளர் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" ஆமாம், தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொண்டாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த நோய் வர, பழுதான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். இருவரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய உறவில் மணம் முடித்தால் இருவரும் சுமப்பவர்களாக இருக்கும் சாத்தியம் கூடுகிறது. இதெல்லாம் மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. உதவியாளர் கேட்டபோது அது விசாரணை. திருமணத்தைப் பேசி முடித்த பெரியவர்களை யாரும் கேட்கவில்லை. அடுத்த கேள்வி, வீட்டுக்காரர் ஏன் வரவில்லை. நல்ல தாய் என்று நிரூபித்த பிறகே மருந்தைப் பற்றிப் பேச முடியும். பேசினால், "கொள்கை ஒன்றிய அரசுது, டெல்லிக்கு எழுதுங்க" என்கிறார்கள். டெல்லிக்கு எழுதினால், மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன.

கொள்கை இருக்கத்தான் செய்கிறது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. 2022இல் உதவித்தொகையின் உச்சவரம்பை ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கொள்கை ஆவணம், சில அரிய நோய்களுக்குப் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஆண்டுச் செலவு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல்கூட ஆகலாம் என்கிறது. வயதும் எடையும் கூடக்கூட மருந்தின் அளவும் செலவும் கூடும் என்றும் சொல்கிறது. பிள்ளை ஒரு கிலோ கூடினால் தாய் சந்தோஷப்பட வேண்டும். இவள் கணக்குப் போடுகிறாள். "சோறு வேணாம்னு சொன்னான்னா ஒரு நிமிஷம் நிம்மதியா இருக்கும்மா" என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மனுவில் நான் எழுதாமல் விட்டது அதைத்தான். நல்ல தாய்க்கு அது பொருந்தாது என்று என் கையே தணிக்கை செய்திருக்கிறது.

தாய்மார் போய் நின்று சட்டம் வாங்கிய கதை இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இல்லத்தரசியாக இருந்த ஆபி மேயர்ஸின் மகனுக்கு டூரெட் நோய்க்குறி. அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்த மருந்தை, வாங்க ஆளில்லை என்று நிறுவனம் கைவிட்டது. அவர் மற்ற நோயாளிக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்தை நெருக்கினார். தொலைக்காட்சித் தொடரில் மருத்துவராக நடித்த ஜாக் க்ளக்மன் 1981இல் நாடாளுமன்றக் குழு முன் பேச வந்தபோதுதான் கேமராக்களும் வந்தன. 1983 ஜனவரி 4 அன்று அனாதை மருந்துச் சட்டத்தில் ரீகன் கையெழுத்திட்டார். தயாரிக்க முதலாளி இல்லாத மருந்து அனாதையாம். பெயர் வைத்தவர்களுக்கு எங்கிருந்தோ குடும்பம் ஞாபகம் வந்திருக்கிறது.

அந்தச் சட்டம் நிறுவனங்களுக்கு ஏழு ஆண்டுத் தனியுரிமை தந்தது. மருந்துகள் வந்தன. 1991இல் காஷர் நோய்க்கான முதல் நொதி மருந்தும் அந்தச் சட்டத்தின் நிழலில்தான் வந்தது, உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளில் ஒன்றாக. தாய்மாரின் போராட்டம் பிள்ளைக்கு மருந்தையும் நிறுவனத்துக்கு விலையையும் சேர்த்தே வாங்கிக் கொடுத்தது. ஆகவே சட்டம் வேண்டும் என்பதோடு எனக்கு முடியவில்லை. விலை பற்றி அது என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் என் தோழி வேறொன்று கேட்டாள். "ஒரு கோடிக்கு எத்தனை கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து ஏத்தலாம் தெரியுமா?" அவள் கொடுமைக்காரி இல்லை. ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும் பெண்களை அன்றாடம் பார்க்கிறவள். என்னிடம் உடனடிப் பதில் இல்லை, முழுப் பதில் இன்றும் இல்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. தராசின் ஒரு தட்டில் கர்ப்பிணி, மறுதட்டில் என் மாணவியும் மகனும். இரண்டிலும் ஏழைப் பெண்கள். விலையை நிர்ணயித்தவர் எந்தத் தட்டிலும் இல்லை.

எல்லா மருந்தும் எல்லோருக்கும் தர எந்த அரசாலும் இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் யாருக்கு, எத்தனை ஆண்டு, என்ன விலை பேசி வாங்கி, என்பதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லட்டும். மறுப்பதானாலும் காரணத்தோடு மறுக்கட்டும். 2014இல் ரிக்‌ஷா இழுப்பவர் ஒருவரின் காஷர் நோயுள்ள மகனுக்கு இலவச சிகிச்சை தர தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் சிறுவனுக்கு வழக்கறிஞர் வாய்த்தார். 16 கோடி ரூபாய் ஊசிக்காக இணையத்தில் நிதி திரட்டும்போது, எந்தக் குழந்தையின் சிரிப்பு நம் விரலை நிறுத்துகிறதோ அதற்குப் பணம் சேர்கிறது. அழத் தெரியாதவளின் பிள்ளை, அழுகையை எழுதித் தரத் தமிழாசிரியை இல்லாதவளின் பிள்ளை என்ன ஆகும்? பாண்டியன் சபையில் கண்ணகி கண்ணீரோடுதான் நின்றாள். வழக்கை முடித்தது சிலம்புக்குள் இருந்த மாணிக்கம்.

நான்கு பக்கத்தை இரண்டாக்கினோம். நோயின் பெயர், மருந்து, ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட், இதுவரை ஆன செலவு, 50 லட்சம் எந்த மாதத்தோடு தீரும், அதற்குப் பிறகு யார் பொறுப்பு என்ற கேள்வி, உச்சவரம்பும் விலையும் பற்றிச் சட்டம் கோரும் மூன்று வரிகள். அவளுடைய இரவுகளைப் பற்றி நான் எழுதிய ஒரு வாக்கியத்தை மட்டும் விட மனமில்லாமல் கடைசியில் வைத்திருந்தேன். பேனாவை வாங்கி அடித்துவிட்டாள்.

பிள்ளையின் எடை என்ற இடத்தில் வெற்றிடம் விட்டோம். போகிற அன்று காலையில் நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்வதாகச் சொன்னாள்.