உட்காரும் பலகை

நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதுகிறவனுக்கு நாற்காலியைப் பற்றி யோசிக்கத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை, சென்ற மாசி மாதம் தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போய் வரும் வரையில்.

அந்தக் குப்பத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் அந்தக் கரையைப் புரட்டிப் போடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு நாவலுக்காக அவர்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் அப்போது கட்டுமரக்காரர். கட்டுமரத்தில் ஆசனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. அலை மேலேயும் வரும், மரங்களின் இடுக்கு வழியாகக் கீழேயிருந்தும் வரும். அதன் மேல் முழங்காலை மடித்து உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். பெரியவரின் முழங்கால்களில் காய்ப்பு ஏறி, தோல் யானைத் தோல் மாதிரி இருந்தது. அந்த முழங்கால்களைப் பற்றி என் நாவலில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பலர் பாராட்டினார்கள்.

சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையோரம் பல குப்பங்களில் கட்டுமரங்கள் போய் பைபர் படகுகள் வந்தன. இவர்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதுவும் பழசாகி, இப்போது மகன் கடன் வாங்கி 28 அடியில் புதுப் படகு ஒன்று கட்டக் கொடுத்திருந்தான். நான் போன அன்று வீட்டில் அதைப் பற்றித்தான் வழக்கு.

மகனின் கட்சி இது: அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. இத்தனை நாளும் படகின் விளிம்பிலோ, கவிழ்த்த மீன் பெட்டியின் மேலோ உட்கார்ந்துதான் போகிறார்கள். புதுப் படகில் பின்தலையில், சாய்வு உள்ள பிளாஸ்டிக் இருக்கை ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் ஸ்பாஞ்சு மெத்தை வைத்துவிட்டால் அப்பா இன்னும் சில காலம் வலியில்லாமல் வரலாம். ஆள் கிடைக்காத காலத்தில் அவர் வராமலும் முடியாது.

பெரியவர் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார்.

"மெத்தையில உட்கார்ந்து போறவன் மீன் பிடிக்கப் போறவன் இல்லடா, கடல் பார்க்கப் போறவன்."

எனக்குப் புல்லரித்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டே, "அண்ணன் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! உழைப்பவனுக்குச் சுகம் எதற்கு?" என்றேன்.

மகன் என்னையே சற்று நேரம் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"சார், நீங்க எதுல உட்கார்ந்து எழுதுவீங்க?"

கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, முதுகுக்கு எது இதம் என்று தேர்ந்தெடுத்து வாங்கிய சுழல் நாற்காலியில்தான் எழுதுகிறேன். போதாக்குறைக்கு இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையும் உண்டு. அவனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபியைக் குடிக்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிறருடைய கஷ்டத்தைப் புகழ்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அதைத்தான் இத்தனை காலம் இலக்கியம் என்று எண்ணிக்கொண்டிருந்தேனோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. நம் வாழ்க்கையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் இது புதிதல்ல. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்து நாம் உட்கார்ந்தோம்; வண்டிக்காரன் முன்னால் தொத்திக்கொண்டு வந்தான். கைரிக்‌ஷாவில் உட்கார்ந்தவருக்கு மெத்தை. இழுத்தவருக்கு உட்காரவே இடம் கிடையாது. 1973-இல் தமிழக அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தபோது, மனிதனை மனிதன் இழுக்கும் அவலம் தீர்ந்தது என்று பேசினோம், எழுதினோம். அந்த மனிதர்களுக்கு வேலை நேரத்தில் உட்கார முதன்முறையாக ஓர் இடம் கிடைத்தது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே நமக்குப் புடைவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார ஓர் ஆசனம் போட வேண்டும் என்று சட்டம் செய்ய 2021 வரை ஆயிற்று. கேரளம் அதை 2018-லேயே செய்திருந்தது. அந்தக் கடைகளில் புடைவை பொறுக்க உட்காரும் நமக்கு எப்போதும் மெத்தை உண்டு. நின்றுகொண்டிருந்தவர்களை 'என்ன சுறுசுறுப்பு!' என்று நாம் மெச்சியும் இருக்கிறோம்.

விடிந்ததும் மகன் பக்கம் சாய்ந்துவிடுவது என்று தீர்மானித்தேன். அந்த மெத்தை என் செலவு என்றும் முடிவு கட்டினேன். மனச்சாட்சியைச் சமாதானம் செய்ய ஸ்பாஞ்சை விட மலிவான சாதனம் கிடையாது.

காலையில் படகு கட்டும் கொட்டகைக்கு மூவரும் போனோம். பெரியவர் வெறும் கூடாக நின்ற படகுக்குள் ஏறி நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார். முந்தின நாள் சொன்ன வசனம் எதுவும் அதில் இல்லை.

"தம்பி, ஒருத்தன் உசரத்துல உட்கார்ந்தா படகு உருளும். நாலு பேர் உசரத்துல உட்கார்ந்தா ரொம்ப உருளும். அதுக்காக ரொம்பத் தாழ உட்கார்ந்தா முழங்கால் நெஞ்சுக்கு வந்துடும். எந்திரிக்கும்போது இடுப்பு புடிச்சுக்கும்."

பிறகு விவரமாகச் சொன்னார். படகு அலையின் உச்சியிலிருந்து விழும்போது நின்றுகொண்டிருப்பவனுக்கு முழங்கால் மடிந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும்; உட்கார்ந்திருப்பவனுக்கு நேரே முதுகெலும்பில் இறங்கும். அதனால் முகவாயைக் கடந்து கடலுக்குள் ஏறும்போதும் கரைக்குத் திரும்பும்போதும் உட்காரவே கூடாது. அணியத்தில், அதாவது முன்தலையில், தூக்கிப் போடுவது அதிகம், நடுவில் குறைவு. சாய்வு உள்ள இருக்கையென்றால் வலை அதில் மாட்டும். கடலில் ஓடிக்கொண்டிருக்கும் வலை எதிலாவது மாட்டினால் ஆளையும் சேர்த்து இழுக்கும். ஸ்பாஞ்சு கடல் தண்ணீரைக் குடித்தால் அப்புறம் காயாது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உட்கார்ந்தால் புண்தான் மிச்சம்.

நான் திகைத்துப் போனேன். இரவெல்லாம் புரண்டு புரண்டு நான் கண்டுபிடித்த தருமம் ஒரு பக்கம் இருக்க, பெரியவர் சுகத்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை! அந்தச் சுகம் வேண்டாம் என்றார், அவ்வளவுதான். அவர் மறுப்பைக் கேட்டு முதல் நாள் நான் வைராக்கியம் என்று கும்பிட்டேன். மறுநாள் பிடிவாதம் என்று இரங்கத் தயாரானேன். இரண்டு நாளும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை: "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?"

கேட்டது அவருடைய மகன்தான். அதுவும் கோபத்தோடு.

"இதையெல்லாம் நேத்தே சொல்ல வேண்டியதுதானேப்பா? மெத்தை, கடல்னு வசனம் பேசினியே! எந்த இடத்துல வலி, எவ்வளவு உசரம் இருந்தா வலிக்காது, அதைச் சொல்லு."

பெரியவருக்கு வெட்கம் வந்துவிட்டது. வலியைச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. ஊரிலிருந்து வந்தவன் ஒருவன் எதிரே குறிப்புப் புத்தகத்தோடு நின்றால் எவருக்குத்தான் வசனம் பேச வராது? முந்தின நாள் அவர் பேசிய பேச்சில் பாதி எனக்காகப் பேசியது என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு மணி நேரம் நடந்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். படகுக்குள் செங்கற்களை அடுக்கி, மேலே பலகை போட்டு, பெரியவரை உட்காரச் சொன்னான் மகன். ஒரு செங்கல் எடுத்தான். மறுபடி உட்காரச் சொன்னான். ஒரு விரற்கடை ஏற்றினான். "எந்திரிப்பா. உட்காருப்பா. கைப்பிடி எட்டுதா?" கொட்டகைக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாக நின்றார். ஒரு பெண்ணுக்கு நகை அளவு எடுப்பது போல அவ்வளவு கவனம். கடைசியில், பின்தலைக்குச் சற்று முன்னால், இரு பக்கச் சுவரையும் தொட்டு நிற்கும் குறுக்குப் பலகை ஒன்று முடிவாயிற்று. முனைகளை மழுக்கி உருட்ட வேண்டும், வலை மாட்டாமலிருக்க. அடிப்புறத்தை மூடிப் பெட்டியாக்கி உள்ளே தெர்மாகோல் அடைத்துவிட வேண்டும். படகில் தண்ணீர் புகுந்தாலும் அது மிதக்க உதவும். மேலே, பழைய வலையை நாலு மடிப்பாக மடித்துத் தைத்த திண்டு. தண்ணீர் வடிந்துவிடும், வெயிலில் காய்ந்துவிடும், கிழிந்தால் வேறு வலைக்குப் பஞ்சமில்லை.

பெரியவர் அதில் உட்கார்ந்து, கண்ணை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். சொன்ன மாத்திரத்தில் பக்கத்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பியும் பார்த்தார். ஐம்பது வருஷம் கடலுக்குப் போன மனிதர், நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளக் கூசுகிறாரே என்று எனக்கு நெஞ்சு கனத்தது. அந்தக் கூச்சத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவனாக இருக்கக்கூடும். ஒன்றரைப் பக்கம் எழுதியவன் அல்லவா?

என் மெத்தை மிஞ்சிவிட்டது. காலையிலேயே தரங்கம்பாடிக்கு ஆளனுப்பி வாங்கி வரச் சொல்லியிருந்தேன். திருப்பிக் கொடுக்கவும் மனமில்லாமல், வீட்டில் எதற்காவது ஆகட்டும் என்று வைத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

வைகாசியில் மறுபடி அந்தப் பக்கம் போக நேர்ந்தது. வழியில் மீன் சந்தையில் பெரியவரின் மனைவியைக் கண்டேன். தினமும் விடியற்காலையிலிருந்து உச்சிவேளை வரை, ஈரச் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கை விரித்துக் கூடைக்கு முன்னால் உட்காருகிறவர் அவர். முன்பு அவர்கள் வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரமும் அதை நான் பார்த்திருக்கிறேன். நாவலில் அவருடைய கூடை வருகிறது, குரல் வருகிறது. அவர் எதன் மேல் உட்கார்ந்திருந்தார் என்பது வரவில்லை. படகு வழக்கு நடந்த அந்த இரண்டு நாளும்கூட அவர்தான் எங்களுக்குச் சோறு போட்டார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அவருக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்று இருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"வாங்க தம்பி" என்றார். என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் அவ்வளவு அகலம் எதுக்கு? நடுவுல அறுத்துப் பாதியை அவளுக்குக் குடுத்துட்டேன்."

பக்கத்துக் கூடைக்காரி தன் பாதியைக் காட்டுவதற்காகக் கொஞ்சம் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்துகொண்டு, "வஞ்சிரம் இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டாள்.