விட்ட பிறகும் மனம் ஏன் அலைகிறது?



இச்சையை அடக்கணும் என்று நம்ம சமய வகுப்பில் அடிக்கடி சொல்றோம். அடக்கத் தொடங்கியவனுக்கு உள்ளே என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. நான் பொறியியல் மாணவன். ஆபாசக் காணொளிப் பழக்கத்தை விட்ட சில தம்பிகள் ஹாஸ்டலில் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, விட்டுட்டேன். ஆனா முன்னைவிட மனசு அலையுதே. எனக்குப் பக்தி பத்தலையா?"

பக்தியில் குறை இல்லை தம்பி. மனம் வேலை செய்யும் விதம் அப்படி.

ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் சோதித்தார். சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும். பழகிய பிறகு, சாறு கிடைக்கும்போது அல்ல, விளக்கு எரிந்தவுடனே டோபமின் செல்கள் துடித்தன. நமக்கு அந்த விளக்கு எது? நள்ளிரவு, பூட்டிய அறை, முடிக்காத அசைன்மெண்ட், கையில் போன். படம் பார்ப்பதை நிறுத்திட்டோம், சரி. விளக்கு தினமும் எரியுதே! எரிச்சலும் சலிப்பும் வராமல் என்ன செய்யும்?

1987-இல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. "பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டே இருந்தால், நாம் தியானிப்பது அதையேதான்.

கீதை இரண்டாம் அத்தியாயம் 59-ஆம் சுலோகத்தில் கண்ணன் இதைத் தெளிவாகக் காட்டுகிறான். விலகி இருப்பவனை விட்டுப் பொருள்கள் விலகும், ஆனால் ருசி தங்கிவிடும். மேலான ஒன்றைக் கண்டால்தான் அந்த ருசியும் போகும். ஆக, விடுவது பாதி வேலை. அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பது மீதி.

நம்ம தைப்பூச விரதத்தைப் பாருங்க. மாமிசத்தை விடுவதோடு அது முடிவதில்லை. விடியலில் குளியல், பூஜை, பஜனை, வெறுந்தரையில் படுக்கை என்று நாள் நிறைந்துவிடும். பத்துமலையின் 272 படி ஏறும்போது கூட ஒரு கூட்டமே வருது. தனி அறையில் வளர்ந்த பழக்கத்தைத் தனி அறையிலேயே உட்கார்ந்து வெல்லப் பார்ப்பது கஷ்டம். இரவில் போனை வெளியே சார்ஜ் போடுங்க. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்க. ஆசை எழும்போது அதோடு மல்லுக்கட்டாமல், அலை மாதிரி எழுந்து அடங்குவதைக் கவனிங்க. அலை அடங்கினதும் கீழே என்ன கிடக்குன்னு தெரியும். தேர்வு பயமா? வீட்டு ஏக்கமா? இத்தனை நாள் அந்தப் படங்கள் மூடி வைத்திருந்தது அதைத்தான். அதைப் பார்க்க முடிவதுதான் விலகலின் முதல் பலன்.

இடையில் ஒரு நாள் தவறினால்? "அதான் போச்சே" என்று அன்றிரவே முழுசா மூழ்குவார்கள். மறுநாள் கோயில் பக்கம் வர வெட்கப்படுவார்கள். தவறினதைவிட இந்த எண்ணமே அதிகம் கெடுக்கும் என்று மார்லட் என்ற உளவியலாளர் விளக்கினார். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கும் இதே பயம். முயற்சியில் வழுக்கியவன் சிதறிய மேகம் போல அழிந்துவிடுவானா என்று கேட்கிறான். அழிவதில்லை, நல்லது செய்பவன் கெட்டுப்போவதில்லை என்பதே கண்ணனின் பதில். இருபது நாள் இருந்து ஒரு நாள் வழுக்கினால், அந்த இருபது நாள் பயிற்சி எங்கேயும் போகவில்லை.

ஒன்று மட்டும். மாதக்கணக்கில் முயன்றும் முடியாமல் படிப்பும் உறவும் கெடுதுன்னா ஆலோசகரைப் பாருங்க. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. குற்ற உணர்வு மட்டுமே இருந்தால் அது நோய் ஆகாது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. உதவி கேட்பது பாவம் இல்லை.

தவறிய மறுநாள்தான் கோயிலுக்குக் கட்டாயம் வரணும். வெட்கத்தைக் கழுவிட்டு வரச்சொல்லி முருகன் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. நாமும் நிறுத்த வேண்டாம்.

வேலவன் துணை.