வீட்டுக்கு அனுப்பப்படும் பாதி

கலப்புக் கற்றலைத் தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் எவ்வாறு தொடங்குவது என ஆசிரியர் பலர் வினவுகின்றனர். எக்கருவி, எச்செயலி என்பன அவர்தம் முதற் கேள்விகள். பாடத்தின் ஒரு பகுதியை ஆசிரியரும் மறு பகுதியை இணையமும் கற்பிக்கும் இம்முறையில், அம்மறு பகுதி எங்கே நிகழ்கிறது, எவர் செலவில் நிகழ்கிறது என முதலிற் கேட்டல் வேண்டும்.

2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸப்பில் வந்தன. 2021இல் ஊவா மாகாணக் கிராமமொன்றின் மாணவர், அலைவரிசை தேடிக் காட்டினூடே குன்றேறினர். அதனை விடாமுயற்சி எனப் புகழ்ந்தோர் உண்டு. வசதியான புகழ்ச்சிதான்!

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது கட்டணம் நீக்கப்பட்டது. இன்று பாடத்தை வீட்டுக்கு அனுப்புகையில் அக்கட்டணம் டேட்டாவாகவும் மின்சாரமாகவும் அமைதியான ஒரு மூலையாகவும் மீண்டும் அறவிடப்படுகிறது. லயக் காம்பராவில் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்கையில், ‘காணொளி பார்த்து வருக’ என்பது பாடமா, தண்டனையா?

ஆயினும் முறையையே வெறுத்தொதுக்குதல் தீர்வன்று. வகுப்பை மூன்று குழுக்களாக்கலாம்: ஒன்று ஆசிரியருடன், ஒன்று நூல்களுடன், ஒன்று பாடசாலையிலுள்ள நான்கைந்து கருவிகளுடன். இரட்டைப் பாடவேளையில் இருபத்தைந்து நிமிடத்துக்கொரு முறை குழுக்கள் இடம் மாறும். காணொளிகளை முன்னரே இறக்கி வைத்தால் வகுப்பில் இணையமும் வேண்டா. நாற்பது பேரை நோக்கி ஒரே குரலிற் பேசிவந்த ஆசிரியர், பின்னங்களைக் கூட்டத் தடுமாறும் பதின்மூவருடன் அமரலாம். இம்முறையின் மெய்யான இலாபம் அதுவே. கணிதத்தில் வாரமொரு முறை தொடங்கினாற் போதும். தொலைபேசியில்லா வீட்டுப் பிள்ளை ஒருவரேனும் வகுப்பிலிருக்கும்வரை, வீட்டுக்கு அனுப்பும் காணொளி காத்திருக்கட்டும்.